ஐம்பதாயிரம் பாடல்கள், வாங்கியவை எத்தனை?

திருமண விருந்துபசரிப்பு, 21ஆம் வயது பிறந்தநாள், சங்கத்தின் ஆண்டு விருந்து என எதுவாக இருந்தாலும், மேடையோரம் ஒரு மடிக்கணினியும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளும் இல்லாமல் இப்போது நடப்பதில்லை. வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகும் 'மொபைல் டிஜே' தொழிலில் நம் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். வார நாளில் தொழிற்சாலை அல்லது பட்டறை வேலை, சனி ஞாயிறில் டிஜே. தையிலும் ஆவணியிலும் தேதி கிடைக்காது. ஆடியில் வேன் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

இவர்களை அழைக்கும் வீட்டார் கேட்பது எத்தனை ஸ்பீக்கர், என்ன விளக்கு, புகை மெஷின் உண்டா என்பதுதான். புகைக்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்கூட, பாடல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை. 'என்னிடம் ஐம்பதாயிரம் பாட்டு இருக்கிறது' என்பது இத்தொழிலில் பெருமைப் பேச்சு. அத்தகைய சேகரிப்பு பெரும்பாலும் யூடியூப்பில் இருந்து இறக்கியதாகவோ, நண்பரின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்ததாகவோ இருக்கும்.

இது புதுப் பழக்கம் அல்ல. பட்டியல் எழுதிக் கொடுத்து, காலிக் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தக் கேசட் வீட்டில் ஓடியது. டிஜேயின் ஹார்ட் டிஸ்க் சம்பாதித்துக் கொடுக்கிறது. சட்டம் பார்க்கும் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் அல்லாமல் அனுமதியற்ற நகலை வைத்திருப்பதே குற்றம். ஒவ்வொரு நகலுக்கும் 2,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'ஒவ்வொரு நகலுக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் பாடல்களுக்கே குறைந்தது 20,000 வெள்ளி ஆகிறது. வார இறுதி வருமானத்தை நம்பி ஸ்பீக்கருக்குத் தவணை கட்டும் ஓர் இளைஞரால் அதைத் தாங்க முடியுமா?

பாடலைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. வாங்குவது ஓர் உரிமை, பொதுவில் ஒலிக்கவிடுவது இன்னோர் உரிமை. இரண்டாவதற்கான கட்டணத்தை இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பிலும், ஒலிப்பதிவு நிறுவனங்கள் சார்பிலும் உரிமை அமைப்புகள் வசூலிக்கின்றன. பெரிய ஹோட்டல்கள் பொதுவாக இந்த உரிமத்தை எடுத்து வைத்திருக்கும். சிறு மண்டபங்களில் கேட்டால்தான் தெரியும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போது அந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிடுவது வீட்டாருக்கு நல்லது, டிஜேக்கும் நல்லது.

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயலி இருக்கையில் சேகரிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றின் நிபந்தனைகள் தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டுமே இடம் தருகின்றன. ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் டிஜே மென்பொருள்களில் இருந்து தன் பாடல்களை விலக்கிக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்களின் பட்டியல்கள் அன்றோடு பயனற்றுப் போயின. 2025 செப்டம்பரில் அது ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ போன்ற மென்பொருள்களுக்குத் திரும்பி வந்தாலும் நிபந்தனை மாறவில்லை. தோட்டத்து மண்டபத்தில் இணைய இணைப்பு நடுவில் அறுந்தால் என்னவாகும் என்பதை டிஜேக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, சேகரிப்பு சொந்தமாக இருக்க வேண்டும். எத்தனை என்பதைவிட எவை என்பதே முக்கியம். நம் விருந்துக்கு வருபவர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்லர். மணமகனின் மேலாளர் சீனராக இருப்பார், மணமகளின் தோழிகளில் பாதிப் பேர் மலாய்க்காரர்களாக இருப்பார்கள், ஒரு மேசை முழுக்கப் பஞ்சாபிகள் அமர்ந்திருப்பார்கள். தாத்தா வயதில் இருப்பவர்களுக்கு 1978இல் வந்த போனி எம் குழுவின் 'ரஸ்புடின்' வேண்டும். அதே பாட்டின் மறுகலவை 2021இல் இணையத்தில் பரவியதால் பேரனுக்கும் அது தெரியும். பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் தோ பச்கே', தெரசா தெங்கின் ஒரு மெல்லிசைப் பாடல், 2020இல் உலகமே ஆடிய தென்னாப்பிரிக்காவின் 'ஜெருசலேமா', பினாங்கில் இருந்து வந்து மலாய்ப் பாடல்களால் நாடறிந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ். இப்படி மொழிக்கு இருபது, முப்பது பாடல்களைத் தேர்ந்து வைத்திருப்பவர், ஐம்பதாயிரத்தில் தேடித் தடுமாறுபவரைவிட நன்றாக ஆட வைப்பார்.

தேர்ந்தெடுப்பதற்குப் பாடலின் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழிப் பாடல் பலவற்றில் தாளம் துள்ளும், வரிகளோ பாட்டி முன்னால் சொல்லக்கூடியவை அல்ல. புரியாத மொழிதானே என்று விட முடியாது, இன்று மேசையில் இருக்கும் கைப்பேசி மொழிபெயர்த்துவிடும். அரபு மொழியில் காதல் பாட்டும் உண்டு, இறைப்பாட்டும் உண்டு. இரண்டாவதை நடனத்துக்குப் போட்டால் மலாய் நண்பர்கள் மனம் வருந்துவார்கள். முருகன் பாட்டின் வேகக் கலவையை மது பரிமாறும் விருந்தில் ஒலிக்கவிட்டால் நமக்கு வருவதும் அதே வருத்தம்தான். 'போச்சோ போச்சோ' நடனம் முஸ்லிம்களுக்குக் கூடாது என 2011இல் பேராக் ஃபத்வா குழு முடிவு செய்தது. பேராக்கில் அந்தப் பாட்டைப் போடும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பவர் விவரமான டிஜே.

தாளத்திலும் சிக்கல் இருக்கிறது. நம் குத்துப் பாட்டுகள் பல ஆறு தட்டில் ஓடுபவை, மேல்நாட்டு நடனப் பாட்டு நான்கு தட்டு. ஹவுஸ் வகை நிமிடத்துக்கு 120 முதல் 128 தட்டு வரை ஓடும், ரெகேட்டான் 90, 100 என்ற அளவில் நிற்கும். எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களை வாத்தியக் குழு நேரடியாக வாசித்துப் பதிந்ததால் வேகம் சற்றே கூடிக் குறையும், மென்பொருள் தவறாகக் கணக்கிடும். காது கொடுத்துக் கேட்டு ஒவ்வொன்றாகக் குறித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐம்பதாயிரம் பாடல்களுக்கு அதைச் செய்ய யாராலும் முடியாது.

இணையத்தில் உருவி இறக்கிய பாடலை '320' என்று பெயர் மாற்றிச் சேமித்தாலும் இழந்த ஒலி திரும்பாது. கைப்பேசியில் வித்தியாசம் தெரியாமல் போகலாம், 15 அங்குல ஸ்பீக்கரில் அடித்தளம் குழறுவது கேட்கும். உண்மையான 320 தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 10 மெகாபைட். ஆயிரம் பாட்டு ஒரு சின்ன யூஎஸ்பியில் அடங்கிவிடும்.

ஐடியூன்ஸ் கடையில் தமிழ்ப் பாடல்களும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. மின்னணு நடன இசைக்கு பீட்போர்ட், சிறு கலைஞர்களுக்கு பேண்ட்கேம்ப் உள்ளன. டிஜேக்களுக்கென்றே மாதக் கட்டணத்தில் பாடல் தரும் 'ரெக்கார்ட் பூல்' முறை 1975இல் நியூயார்க்கில் தொடங்கியது, இப்போது இணையத்தில் நடக்கிறது. கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்புகள் அங்கே கிடைக்கும். தமிழ்ப் பாடல்கள் அவற்றில் அரிது. நம் டிஜேக்கள் மறுகலவைகளைத் தாங்களே செய்துகொள்வதற்கு அதுவும் ஒரு காரணம், அதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2017இல் தம் பாடல்களை மேடையில் பாடியதற்காக எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜா தரப்பில் இருந்து வழக்கறிஞர் கடிதம் போனது.

உள்ளூர்க் கலைஞர்களையும் நினைக்க வேண்டும். 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு வந்த பிறகு, மலேசியத் தமிழ்ப் பாடல் இல்லாத இளைஞர் விருந்து குறைவு. அத்தகைய பாடலை டிஜே விலைக்கு வாங்கினால், மண்டபம் உரிமம் எடுத்தால், அந்தப் பணத்தில் ஒரு பங்கு இங்குள்ள பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போகும். விலைப்பட்டியலில் ஸ்பீக்கர், விளக்கு, புகை என்று எழுதும் இடத்தில் 'பாடல் உரிமை' என்று ஒரு வரி சேர்த்தால் வாடிக்கையாளர் முதலில் முகம் சுளிக்கக்கூடும். பாடல் வாங்கிய ரசீதுகளை மின்னஞ்சலில் ஒரே கோப்புறையில் சேர்த்து வைத்திருப்பவர், அந்த வரிக்கு விளக்கம் கேட்டால் அதைத் திறந்து காட்டலாம்.