காசுக்கு வாங்கும் சிபாரிசு

ஓர் இணையதளத்துக்குப் பிற தளங்கள் தரும் இணைப்பை நற்சான்றாகக் கொள்ளும் முறையை 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுள் தேடலின் அடித்தளமாக்கினார்கள். சான்றுக்கு மதிப்பு வந்ததும் அதற்கு விலையும் வந்தது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பல்பொருள் கடை நிறுவனம் இதற்குச் சாட்சி. ‘உடைகள்’ என்று தேடினாலும் ‘படுக்கை விரிப்பு’ என்று தேடினாலும் அந்தக் கடையே முன்னால் நின்றது. துணிமணிக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களிலெல்லாம் அதற்கான இணைப்புகள் செருகப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். ஆனாலும் கூகுள் அதைத் தரவரிசையில் கீழே தள்ளியது. மறு ஆண்டே ‘பென்குயின்’ என்ற மாற்றத்தின் மூலம் இத்தகைய இணைப்புகளைப் பரவலாகக் களையெடுக்கவும் தொடங்கியது.

புதிதாகத் தொழில் தொடங்குபவரை யார் கண்டுகொள்வார்கள், பணம் கொடுத்து விளம்பரம் செய்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், விளம்பரம் குற்றமல்ல, அதை மறைப்பதே குற்றம். பணம் கொடுத்துப் பெற்ற இணைப்பை அடையாளம் காட்டவே ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியீட்டைக் கூகுள் 2019-இல் கொண்டுவந்தது. அப்படிக் குறித்த இணைப்பு தரவரிசையை உயர்த்தாது என்றாலும், பொருத்தமான தளத்தில் இருந்தால் உண்மையான வாடிக்கையாளர்களைக் கூட்டிவரும். மறைத்து வாங்கியது ஒருநாள் பிடிபடும். அன்று போட்ட முதலும் போகும், பெயரும் போகும். எல்லோரும்தானே வாங்குகிறார்கள் என்பது சமாதானம் ஆகாது. தேடல் முடிவை நம்பிப் பொருள் வாங்கும் எளிய மனிதரே இதில் ஏமாறுகிறார். செலவழிக்கும் பணத்தை வெளிப்படையான விளம்பரத்துக்கும் தரமான உள்ளடக்கத்துக்கும் செலவிடுவதே அறம், அதுவே லாபமும்கூட.