அழகு சரி, பழுதானால் யாரிடம் போவது?

கைப்பேசியைத் தொட்டாலே மணி தெரிந்துவிடுகிறது. ஆனாலும், வேலையில் சேர்ந்து நாலு காசு சேர்ந்ததும், விசையால் ஓடும் நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும் என்று நினைக்கும் இளையர் பலர் உண்டு. அவர்களில் சிலர் பெரிய நிறுவனங்களைத் தாண்டி, சிறு பட்டறை நடத்தும் கலைஞர்களைத் தேடிப் போகிறார்கள்.

ஈர்ப்புக்குக் காரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஃபிலிப் டுஃபூர் 2000ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ‘சிம்ப்ளிசிட்டி’ கடிகாரங்கள் ஏறத்தாழ 200 மட்டுமே. ஜெனீவாவில் எஃப். பி. ஜூர்ன் பட்டறை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவான இயந்திரக் கடிகாரங்களையே செய்கிறது. மூடிக்குள் மறைந்து கிடக்கும் பாகத்தையும் கையால் மெருகேற்றும் பொறுமைக்குத்தான் இந்த விலை.

துல்லியத்துக்காக இவற்றை வாங்க நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்திற்கு 15 விநாடி அளவுதான் பிசகும். சுவிஸ் ‘காஸ்க்’ சான்றிதழ் பெறும் இயந்திரக் கடிகாரத்துக்கோ ஒரே நாளில் 4 விநாடி பிந்தவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு.

ஆகவே நம்பகத்தன்மை என்பதற்கு இங்கே பொருள் வேறு: பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா? இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் உள்ளிருக்கும் சக்கரம் விநாடிக்கு 8 முறை அசைகிறது. ஒரு நாளைக்கு 691,200 முறை. எண்ணெய் காயும், உராய்வு கூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பரவலாகப் புழங்கும் சுவிஸ் இயந்திரம் என்றால் உள்ளூரிலேயே திறமையான கைகள் கிடைக்கும், உதிரிப்பாகமும் கிடைக்கும். ஒரே கலைஞர் தம் கையால் வடித்த சக்கரம் என்றால், அது பிறந்த பட்டறைக்கே போக வேண்டும்; மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம்.

அந்தக் கலைஞருக்குப் பிறகு? பிரிட்டனின் ஜார்ஜ் டேனியல்ஸ் 2011இல் மறைந்தார். அவருடன் பணியாற்றிய ரோஜர் ஸ்மித், மேன் தீவில் அந்தக் கலையைத் தொடர்கிறார். இப்படிப்பட்ட வாரிசு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. மலேசியரான மிங் தெயின் நண்பர்களோடு 2017இல் தொடங்கிய ‘மிங்’ கடிகாரங்களில் வடிவமைப்பு அவர்களுடையது; தயாரிப்பு சுவிட்சர்லாந்தில். முதல் மாடலில் பொருத்தியது செலிட்டா நிறுவனத்தின் இயந்திரம். 2019இல் ஜெனீவாவின் புகழ்பெற்ற கடிகார விருது விழாவிலும் அந்நிறுவனம் பரிசு பெற்றது.

வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே இருப்பது யாருடைய இயந்திரம்? பராமரிப்புக்கு எவ்வளவு செலவு, எத்தனை மாதம்? நம் ஊர் வியர்வையையும் மழையையும் அது தாங்குமா? பதில் தெளிவாக வராவிட்டால், கடிகாரம் எவ்வளவு அழகாயிருந்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.

பிள்ளைக்குக் கொடுப்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கடிகாரத்தோடு, அதைத் திறக்கத் தெரிந்தவரின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்க முடிய வேண்டும்.