பணியிடத்திலேயே தங்கும் தொலைபேசி

இந்தியாவின் மருத்துவமனைகள், சரக்குக் கிடங்குகள், ஆலைகள் பலவற்றில் பணியாளரின் சொந்தக் கைபேசியே நிறுவனத்தின் தொலைபேசியாகவும் ஆகிவிட்டது. பணிநியமன ஆணையில் அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை. நடைமுறையில் வந்து அமர்ந்துகொண்டது. கருவியை வாங்கியவர் பணியாளர். ரீசார்ஜ் செய்பவர் அவர். திரை உடைந்தால் மாற்றுபவரும் அவரே. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, "நாளை காலைப் பணிக்கு ஆள் குறைகிறது, வர முடியுமா?" என்று கேட்பதற்கு அந்த எண் நிறுவனத்துக்கு எப்போதும் திறந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இடப்பட்ட பணிப்பட்டியலைப் பார்க்கத் தவறியவர் ‘பொறுப்பற்றவர்’ எனப் பெயர் வாங்குகிறார். பெண் செவிலியரின் தனிப்பட்ட எண் நோயாளியின் உறவினர் கைக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி கைக்கும் போய்ச் சேர்கிறது.

இதற்கு நேர்எதிரான ஏற்பாடும் இதே நாட்டில் உண்டு. சில கிடங்குகளில் தொழிலாளர் உள்ளே நுழையும்போதே கைபேசியை வாயிலில் ஒப்படைத்துவிட வேண்டும். எட்டு மணி நேரம் அவர் வீட்டுக்கும் எட்டமாட்டார். உள்ளே விபத்து நேர்ந்தால் கூப்பிடுவதற்கும் கையில் ஒன்றுமிராது. ஓரிடத்தில் சொந்தக் கைபேசி நிறுவனத்துடையதாகிறது, மற்றோரிடத்தில் பிடுங்கப்படுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்று: வேலைக்குத் தேவையான தொலைபேசியை வேலை கொடுப்பவர் தருவதில்லை.

தரக்கூடிய கருவி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. கட்டடத்தின் கூரையிலும் சுவரிலும் ஆங்காங்கே பொருத்திய தளநிலையங்கள், அவற்றை இணைக்கும் கணினி வலையமைப்பு, இணைய நெறிமுறையில் இயங்கும் தொலைபேசிப் பரிமாற்றகம், கையில் எடுத்துச் செல்லும் உறுதியான கம்பியில்லாக் கருவிகள் ஆகியவை சேர்ந்ததே இணையவழிக் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பு. இவற்றுள் பெரும்பாலானவை டெக்ட் என்னும் தரத்தைப் பின்பற்றுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருவான இத்தரம் பல நாடுகளில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபை நெரிசலுக்குள் அது சிக்குவதில்லை. கட்டடத்துக்குள் ஒரு தளநிலையம் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் தொலைவுக்குப் பேச்சைக் கொண்டுசேர்க்கும். பேசிக்கொண்டே நடப்பவரை அடுத்த தளநிலையம் ஏற்றுக்கொள்ளும்.

இந்தியாவுக்கும் இத்தரம் அயலானதன்று. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டெக்ட் தரத்தின் அடிப்படையிலேயே ‘கார்டெக்ட்’ அமைப்பை உருவாக்கியது. கம்பி இழுக்கக் கட்டுப்படியாகாத கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் தருவதே அதன் நோக்கம். எளியவருக்கு எட்டவேண்டும் என்ற எண்ணத்தோடு இந்நாட்டில் கையாளப்பட்ட ஒரு தொழில்நுட்பம், இன்று மேலாளரின் இடுப்புப்பட்டையில் மட்டும் தொங்குவது முரண்.

உறுதியான கருவி என்பதற்கும் அளவுகோல் உண்டு. ஐ.பி. 65 என்ற குறியீட்டில் முதல் இலக்கமான 6, தூசு உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாம் இலக்கமான 5, பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும் என்பதை. மாவு ஆலையிலும் சிமெண்ட் ஆலையிலும் முதல் இலக்கம் முக்கியம். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கருவியைக் கிருமிநாசினியால் துடைக்கவேண்டிய செவிலியருக்கு இரண்டாவதும் வேண்டும், துடைப்பைத் தாங்கும் மேலுறையும் வேண்டும். சுழியத்துக்குக் கீழே 18 பாகை வரை குளிரூட்டிய உறைபதனக் கிடங்கில் தடித்த கையுறையோடு நிற்பவருக்குத் தொடுதிரையால் பயனில்லை. அழுத்தினால் உணரக்கூடிய பொத்தான்கள் தேவை. அழகிய கைபேசிகள் இவர்களை எண்ணி வடிவமைக்கப்பட்டவையல்ல.

கேட்கும் ஒலியின் தரமும் இங்கே உயிர்ப் பிரச்சினை. பழைய தொலைபேசி வழித்தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்தியது. ‘ஸ்’ போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரிதும் இந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது. மும்பையை அடுத்த பிவண்டியின் கிடங்குகளில் பல மாநிலத்தவருக்கும் பொதுமொழியாக இருப்பது இந்தி. அம்மொழியில் 33 என்பது தைந்தீஸ், 35 பைந்தீஸ், 37 ஸைந்தீஸ். மூன்று சொற்களுக்கும் வேறுபாடு முதல் மெய்யொலி ஒன்றே. இயந்திர இரைச்சலுக்கு நடுவே, குறுகிய அலைப்பட்டையில், இந்தியைப் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட ஒருவர் காதில் அந்த ஒலி எப்படி விழும்? தவறான அடுக்கிலிருந்து பெட்டி இறங்கினால் நேர இழப்பு. தவறான அடுக்கின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டால் இழப்பு வேறு. 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் அகன்ற அலைப்பட்டைக் குறியீட்டு முறை 1988 முதலே தரப்படுத்தப்பட்டிருக்கிறது. இன்றைய இணையவழிக் கருவிகள் பலவற்றிலும் அது உண்டு. கருவி வாங்குவோர் அதைக் கேட்டு வாங்கினால் போதும். அதோடு, கேட்ட எண்ணை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் பழக்கவேண்டும். ‘தீன் ஸாத்’ என்று மூன்றையும் ஏழையும் பிரித்துச் சொன்னால் குழப்பம் வெகுவாகக் குறையும்.

தொலைபேசி உரையாடலின் தொடக்கத்தை ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாப், 1968இல் வெளியான தம் கட்டுரையில் மணியோசையையே ஓர் அழைப்பாகவும் ‘ஹலோ’வை அதற்குரிய மறுமொழியாகவும் கொண்டார். அழைப்பு விடுக்கப்பட்டதும் மறுமொழி எதிர்பார்க்கப்படுகிறது. அது வராதபோது அந்த மௌனத்துக்கும் பொருள் கற்பிக்கப்படுகிறது. மேலாளரின் எண் ஒளிரும்போது வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருக்கும் பணியாளர் எடுக்காமல் விட்டால், அது வெறும் மௌனமாக நிற்பதில்லை, அலட்சியமாக வாசிக்கப்படுகிறது. விடுப்பு கேட்கும் நாளில் நினைவுகூரப்படுகிறது. பணி முடிந்தபின் வரும் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக அதை முன்வைத்தார், அது சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை காத்திராமல் அந்த உரிமையில் ஒரு பகுதியையேனும் பணியிடத் தொலைபேசி தந்துவிடும். அது ஆளுக்கு உரியதன்று, பணிக்கு உரியது. ‘மூன்றாம் தளம், இரவுச் செவிலியர்’ என்பதே அதன் முகவரி. ஷிப்ட் முடிந்ததும் சார்ஜரில் வைத்துவிட்டு வெளியேறலாம். அடுத்து வருபவர் எடுத்துக்கொள்வார். மணி அடித்தால் மறுமொழி சொல்லும் கடமை அந்த இடத்தோடு நின்றுவிடும். அழைப்பவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. தனிமனிதரின் எண்ணுக்கு அழைத்தால் அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். பணியின் எண்ணுக்கு அழைத்தால் விழித்திருக்க வேண்டியவரே எடுப்பார்.

ஆனால் கருவி வந்துவிட்ட இடங்களிலும் கேள்வி ஒன்று எஞ்சுகிறது: அது யார் கைக்குப் போகிறது? வழக்கமாகப் பங்கீடு மேலிருந்து தொடங்குகிறது. மேலாளர், பொறியாளர், மேற்பார்வையாளர் என்று இறங்கிவந்து, ஒப்பந்தத் தொழிலாளரை எட்டுமுன் கருவிகள் தீர்ந்துவிடுகின்றன. உறுதியான கருவிகளின் சில வகைகளில் அபாயப் பொத்தான் உண்டு. அணிந்திருப்பவர் விழுந்து கிடந்தாலோ நெடுநேரம் அசையாதிருந்தாலோ தானாகவே எச்சரிக்கை அனுப்பும் வசதியும் உண்டு. இவ்வசதி குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் மேலாளருக்கு எதற்கு? உறைபதன அறைக்குள் தனியாகச் செல்பவர், கொதிகலன் அருகே இரவில் நிற்பவர், மனநல வார்டில் ஒற்றையாகப் பணியாற்றும் செவிலியர், பின்வாயில் காவலாளி ஆகியோருக்கே அது வேண்டும்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபின், மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஒரு கருவி இருந்திருந்தால் அக்கொலை நிகழ்ந்திராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரவில் தனித்திருப்பவர் உதவிக்கு அழைக்க என்ன வழி என்ற கேள்வி மட்டும் எல்லா மருத்துவமனைக்கும் பொதுவானது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பெண்கள் தம் ஒப்புதலோடு இரவுப்பணி செய்ய இடமளிக்கிறது. பாதுகாப்பு நிபந்தனைகளையும் அதனோடு இணைக்கிறது. கூப்பிட்ட குரல் போய்ச் சேர்வது அந்நிபந்தனைகளில் முதலாவதாக இருக்கவேண்டும்.

செலவு அதிகம் என்பது வழக்கமான மறுப்பு. மூன்று ஷிப்டுகள் நடக்கும் இடத்தில் ஒரே கருவி மூவருக்குப் பயன்படும். ஆள் எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருவிகளே தேவைப்படும். இதுவரை அச்செலவைத் தம் சம்பளத்திலிருந்து பணியாளர்கள் செலுத்திவந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கண்காணிப்பு பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. கருவி எங்கே இருக்கிறது என்று அறியக்கூடிய அமைப்பு, கழிப்பறையில் எத்தனை நிமிடம் கழிந்தது என்றும் அறியும். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலைவாய்ப்பு சார்ந்த சில நோக்கங்களுக்குத் தொழிலாளரின் ஒப்புதலின்றியே தரவைக் கையாள வழிவிடுகிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அபாயப் பொத்தான் அழுத்தப்பட்டபோது மட்டுமே இருப்பிடம் தெரியவேண்டும் என்பதைப் பணியிட ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கத் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும்.

மின்சாரமும் ஒரு பொருட்டு. பழைய கம்பித் தொலைபேசி பரிமாற்றகத்திலிருந்தே மின்னோட்டம் பெற்றதால் ஊர் இருண்டாலும் பேசியது. புதிய தளநிலையங்கள் வலையமைப்புச் சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறுகின்றன; அச்சுவிட்சுக்கு யு.பி.எஸ். இல்லையேல் மின்வெட்டில் எல்லாக் கருவிகளும் ஒருசேர ஊமையாகும். பரிமாற்றகம் தொலைதூரக் கணினியில் இருந்தால், இணையம் அறுந்த நேரத்தில் அடுத்த அறைக்குக்கூடப் பேச இயலாமற்போகலாம். உள்ளூரில் இயங்கும் மாற்று ஏற்பாடும், எந்தக் கருவியிலிருந்தும் 112ஐ அழைக்கும் வசதியும் விலைப்புள்ளி கோரும்போதே நிபந்தனையாக வேண்டும்.

இவற்றையெல்லாம் முடிவுசெய்வது வழக்கமாகக் கணினித் துறையும் கணக்குத் துறையும். இரவுப்பணியில் எந்த மூலையில் குரல் எட்டாது, எந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது என்பது அங்கே நிற்பவருக்கே தெரியும். கருவிகள் எத்தனை, யாருக்கு என்று பட்டியலிடும் கூட்டத்தில் ஒரு செவிலியரும், சுமை இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரும், இரவுக் காவலாளி ஒருவரும் அமரட்டும். பட்டியல் அவர்களிடமிருந்து தொடங்கி மேலே போகட்டும். தீர்ந்துபோனால், மேலாளருக்கு மேசைத் தொலைபேசி இருக்கிறது.