நான்கு மாத்திரைகளும் ஒரு மெழுகுச் சுவரும்

 

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் அவருடைய மகனுக்குக் காசநோய் கண்டு, அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதங்களில் இருமல் நின்றது, காய்ச்சல் விட்டது, உடலும் தேறிவிட்டது. ஆயினும் ஆறு மாதங்கள் விடாது சாப்பிட வேண்டும் என்கிறார் மருத்துவர். "ஒரே ஒரு நோய்க்கு நான்கு மருந்துகள் எதற்கு? நலமான பின்னும் நான்கு மாதங்கள் எதற்கு? ரமளானும் வருகிறது, நிக்காஹ் பேச்சும் நடக்கிறது, நிறுத்திவிடலாமா?" என்று அந்தத் தாயார் வினவுகிறார்.

நிறுத்தக் கூடாது என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் காரணம் விளங்காத கட்டளையை மனிதமனம் நெடுநாள் தாங்குவதில்லை. அந்தக் காரணமோ, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிரின் உடலமைப்பில் அடங்கியிருக்கிறது. அதனை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே பாக்டீரியா ஒன்றின் பருமன். அது ஒரே செல்லால் ஆன உயிர். நம் உடலின் செல்களில், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. உட்கரு என்னும் உறைக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவில் அந்த உறை இல்லை. அதன் டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரு வளையமாக, சுருண்ட நூற்கண்டு போலச் செல்லின் நடுவே கிடக்கும். அதனைச் சூழ்ந்து சைட்டோபிளாசம் என்னும் கூழ் நிறைந்திருக்கும். அக்கூழினுள் ஆயிரக்கணக்கான ரைபோசோம்கள் மிதக்கின்றன. டி.என்.ஏ.யில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுத்துத் தர, அதைக் கொண்டு புரதங்களை உருவாக்கும் பட்டறைகள் அவை. இவை தவிர, பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களையும் சில பாக்டீரியாக்கள் பெற்றிருக்கும். மருந்தை எதிர்க்கும் ஆற்றலை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொடுப்பது பல வேளைகளில் இவற்றின் வாயிலாகத்தான்.

இவை யாவற்றையும் பொதிந்து வைத்திருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காவலன் அதுவே. அதற்கும் வெளியே ஒரு சுவர். சர்க்கரைச் சரங்களையும் புரதத் துணுக்குகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலை போன்ற அச்சுவரின் மூலப்பொருளுக்குப் பெப்டிடோகிளைக்கன் என்று பெயர். சிலவற்றுக்கு நீந்துவதற்குச் சாட்டை போன்ற கசையிழையும், பற்றிக்கொள்வதற்கு நுண்மயிர்களும் உண்டு.

அச்சுவரின் வேறுபாட்டை முதன்முதலில் நிறத்தால் பிரித்துக் காட்டியவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், ஆண்டு 1884. அவர் ஏற்றிய ஊதாச் சாயத்தைத் தடித்த சுவருடைய பாக்டீரியாக்கள் பிடித்து வைத்துக்கொண்டன. மெல்லிய சுவரும் அதன்மேல் மற்றொரு சவ்வும் கொண்டவை இழந்துவிட்டன. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், இச்சுவர் கட்டப்படுவதையே தடுக்கிறது. கட்டி முடிக்கப்படாத சுவர் உள்ளழுத்தத்தைத் தாங்காது வெடித்துவிடுகிறது. மனிதச் செல்லுக்கோ இத்தகைய சுவரே இல்லை. எனவே நம் செல்கள் தப்பிவிடுகின்றன. எதிரிக்கு உள்ளதும் நமக்கு இல்லாததுமான உறுப்பைத் தாக்குவதே நன்மருந்தின் இலக்கணம் எனலாம்.

இவ்விடத்தில் நுண்ணுயிர்களின் மற்றொரு பெருங்குலத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். 1977ஆம் ஆண்டு வரை உட்கரு அற்ற உயிர்கள் அனைத்தையும் பாக்டீரியா என்றே உலகம் எண்ணியிருந்தது. அவ்வாண்டில் அமெரிக்க அறிஞர்களான கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோர் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யை ஒப்புநோக்கி, அவற்றுள் சில தனிக்குலத்தைச் சேர்ந்தவை என்று மெய்ப்பித்தனர். அவையே ஆர்க்கியா. புறத்தோற்றத்தில் பாக்டீரியாவை ஒத்திருப்பினும் அவற்றின் சுவரில் பெப்டிடோகிளைக்கன் கிடையாது. சவ்வின் கொழுப்பும் வேறு விதமாக இணைக்கப்பட்டது. கடும் வெப்பத்திலும் உப்பிலும் எளிதில் சிதையாதது. மாட்டின் இரைப்பையிலும் சாண எரிவாயுக் கலனிலும் மீத்தேனை உண்டாக்குபவை இக்குலத்தினவே. உப்பளப் பாத்திகளில் உப்பு இறுகும் தறுவாயில் நீர் செந்நிறம் கொள்கிறதே, அதற்கும் உப்பை விரும்பும் ஆர்க்கியா ஒரு காரணம். கருவாட்டின்மேல் சில வேளை இளஞ்சிவப்பாகப் படர்ந்து அதனைக் கெடுப்பதும் அவ்வினமே. பெனிசிலின் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. அது தாக்கும் சுவர் இங்கே இல்லையன்றோ! மனிதனுக்கு நோய் விளைவிப்பதாக உறுதிப்பட்ட ஆர்க்கியா எதுவும் இதுவரை இல்லை என்பதும் இறைவனின் அருளே.

இனி அந்தத் தாயாரின் வினாவுக்கு வருவோம். காசநோய்க் கிருமியை 1882இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோச் உலகுக்கு அறிவித்தார். அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அதன் சுவர் தனித்தன்மை உடையது. பெப்டிடோகிளைக்கன் வலைக்கு மேல் சர்க்கரைப் பொருளாலான ஓர் அடுக்கும், அதற்கும் மேல் மைக்காலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்புகளாலான மெழுகு போன்ற கனத்த அடுக்கும் அமைந்துள்ளன. இதனால் சாயம் எளிதில் ஏறாது. ஏறிய சாயம் அமிலத்தால் கழுவினும் போகாது. சளிப் பரிசோதனையில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரிவது இதனால்தான். நீரில் கரையும் மருந்துகள் பலவற்றுக்கு இச்சுவர் இலகுவில் வழிவிடுவதில்லை. போதாக்குறைக்கு, நம்மைக் காக்க வரும் வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்ளேயே இக்கிருமி பதுங்கி வாழவும் வல்லது.

ஆகவேதான் நான்கு மருந்துகள் நான்கு வழிகளில் ஏவப்படுகின்றன. ஐசோநியாசிட், மெழுகடுக்கின் மைக்காலிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது. எத்தாம்பியூட்டால், அதன் கீழுள்ள சர்க்கரை அடுக்கைக் கட்டவிடாது குலைக்கிறது. ரிஃபாம்பிசின், டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் பொறியை நிறுத்துகிறது. பைரசினமைடு, அமிலச் சூழலில் மந்தமாய்க் கிடக்கும் கிருமிகளைத் தேடி அழிக்கிறது. முற்காலத்தில் ஊசியாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், ரைபோசோமைத் தாக்குவது.

ஒன்று போதாதா எனில், போதாது. நோயுற்ற நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் ஏதேனும் ஒரு மருந்துக்கு அடங்காத சில கிருமிகள் இயல்பாகவே தோன்றியிருக்கும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடிய, அச்சில பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்கு மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி தானாகத் தோன்றுவதோ மிக மிக அரிது.

ஆறு மாதம் எதற்கெனில், குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் வேண்டும். சில கிருமிகள் பெருகாமலே உறங்கிக் கிடக்கும். விழித்திருப்பவை முதல் இரண்டு மாதங்களில் பெரும்பாலும் அழிந்துவிடுவதால் நோயாளி நலமடைந்ததாக உணர்கிறார். உறங்குபவற்றை ஒழிக்கவே எஞ்சிய நான்கு மாதங்கள். இடையில் நிறுத்தினால் அவை விழித்தெழும். அப்போது பழைய மருந்துக்கு அவை அடங்காமலும் போகலாம். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை கடினமானது. அதனை மற்றவர்க்கும் பரப்ப நேரிடும். தன் உடலைக் காப்பது அமானிதம் எனில், பிறர் உடலைக் காப்பதும் அமானிதமே.

இவ்வுண்மைகளை உலகுக்கு உணர்த்தியதில் நம் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. நம் ஊரிலிருந்து சென்னை செல்லும் மின்தொடர் வண்டியில் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். 1928இல் காசநோயாளருக்கென அங்கு நிறுவப்பட்ட மருத்துவ இல்லமே அப்பெயருக்குக் காரணம். காசநோய் என்றால் வீட்டைத் துறந்து இத்தகைய இல்லத்தில் தங்கியாக வேண்டும் என்பதே அந்நாளைய எண்ணம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்தம் எளிய, நெரிசலான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. நல்லுணவும் ஓய்வும் குறைந்திருந்தபோதும் வீட்டிலிருந்தோர் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுதியாகவும் இல்லை. இடமன்று, இடைவிடாத மருந்தே குணப்படுத்துகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. அந்நிறுவனமே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

தொழுநோய்க் கிருமியும் இதே மெழுகுச் சுவர்க் குடும்பத்தினதே. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இயங்கும் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆராய்ந்து வருகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு, பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை என்று காட்டியது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் கொடிய காசநோயினின்று அது காப்பதால், பிறந்தவுடன் போடுவது இன்றும் அவசியமே. 'சிறு வயதில் ஊசி போட்டிருக்கிறோம், எங்களுக்கு வராது' என்று பெரியவர்கள் மெத்தனமாக இருத்தல் மட்டும் கூடாது.

தாயே! உங்கள் மற்றக் கவலைகளுக்கும் விடை சொல்கிறேன். ரிஃபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளித்தாலோ, ஓயாது குமட்டினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் கூறுங்கள்; தாமாக நிறுத்த வேண்டாம். இந்நோய் காற்றால் பரவுவது. தட்டாலும் தம்ளராலும் பரவுவதன்று. ஆகவே மகனுக்குத் தனிப்பாத்திரம் வைத்து அவர் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொள்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். அந்த ஸுன்னத்தை வீடு முழுவதும் பேணுங்கள். முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

நோன்பைப் பொறுத்தவரை, நோயாளி பிற நாள்களில் நோற்றுக்கொள்ள மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. இறைவன் தந்த சலுகையை ஏற்பதில் இழிவில்லை. உடல் தாங்கும் என மருத்துவர் கூறின், மாத்திரை நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்குப் பின்னரோ மாற்ற இயலுமா என அவரிடமே கேளுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு நோற்பது மட்டும் வேண்டாம்.

நிக்காஹ் விஷயத்தில் மறைக்காதீர்கள். சிகிச்சை முடிந்து மருத்துவர் குணமென்று சொன்னபின் மணம் முடிக்க இந்நோய் தடையன்று. இரு குடும்பத்தாருக்கும் உண்மையைச் சொல்லி, அதுவரை நாளைத் தள்ளி வைப்பதே அழகு. மறைப்பதற்காக மாத்திரையை ஒளித்து, ஒளிப்பதற்காக நிறுத்தி, பின்னர் கண்ணீர் வடித்த குடும்பங்கள் பல.

ஒரே அறையில் பலர் தங்கி வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் நம் பகுதியில் ஏராளம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருப்பவர் யாராயினும், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பி வையுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் வழங்கிவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. மஹல்லா ஜமாஅத்தார் ஜும்ஆவுக்குப் பின் இதனை இரு நிமிடம் எடுத்துரைத்தால் பல உயிர்கள் பிழைக்கும்.

மருந்து தேடுங்கள் என்று பணித்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர் நாம். தேடிப் பெற்ற மருந்தை முடிக்கும்வரை உண்பதும் அப்பணிவின் பகுதியே. வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் தாய்மார்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.