வரவுக் கணக்கும் மரணக் கணக்கும்

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் இருவகைக் கணக்குகள் தொகுக்கப்படுகின்றன. தலைமைச் செயலகத்தில் நிதித்துறையினர் தொகுப்பது மாநிலத்தின் வரி வருமானக் கணக்கு. பொருளாதார, புள்ளி விவரத் துறையினர் தொகுத்து வெளியிடுவது பிறப்பு இறப்புக் கணக்கு. முன்னதில் எந்த இனத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பது திங்கள்தோறும் தெரிந்துவிடுகிறது. பின்னதில் எத்தனை பேர் இறந்தனர் என்பது ஏறக்குறைய முழுமையாகத் தெரிகிறது. ஏன் இறந்தனர் என்பதே தெரிவதில்லை. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான இறப்புகளுள் 22.5 சதவீதத்துக்கே மருத்துவர் காரணச் சான்று அளித்திருந்தனர். கேரளத்தின் விகிதம் அச்சராசரிக்கும் கீழே இருந்தது. எழுத்தறிவில் முன்னிற்கும் மாநிலத்துக்கு இது பெருமை தருவதன்று.

இக்குறை வெறும் ஏட்டுக்குறை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2016 ஜூலையில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், வணிகப் பெயர் பெற்ற உணவு விடுதிகள் விற்கும் பர்கர், பீட்சா முதலியவற்றின்மீது 14.5 சதவீத வரியை அறிவித்தார். மக்கள் அதனைக் 'கொழுப்பு வரி' என்றழைத்தனர். மறு ஆண்டு ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அது மறைந்தது. ஓராண்டில் இதயநோய் மரணம் குறைந்திருக்குமென எவரும் எதிர்பாரார். ஆனால் அவ்வரி பத்தாண்டு நீடித்திருப்பினும் அதன் பயனை அளந்து கூற வழி இருந்திராது. வசூலுக்குக் கணக்கு உண்டு. உயிருக்குக் கணக்கு இல்லை.

மதுவின் நிலை இன்னும் தெளிவானது. மனிதர் அருந்தும் மது சரக்கு, சேவை வரியின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டமையால் அதன்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலத்திடமே தங்கிற்று. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 500 ரூபாய் முதல் 999 ரூபாய் வரை விலையுள்ள புட்டிக்கு 20 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்புத் தீர்வையாகச் சேர்க்கப்பட்டன. மதுவின் வரவை எளிதில் ஒன்றுதிரட்டிக் காண இயலும். அதனால் நேரும் மரணமோ கல்லீரல் நோய், புற்றுநோய், சாலை விபத்து, தற்கொலை எனப் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் காவல் துறையின் கையில் வருவன மட்டும் ஒழுங்காக எண்ணப்படுகின்றன. 2022இல் கேரளத்தின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 28.5, நாட்டின் சராசரி 12.4. கல்லீரல் நோயால் வீட்டில் இறந்தவரைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேச இயலாது.

சான்று இருந்தும் பயன்படாமற் போவதுண்டு. நெடுநாள் நீரிழிவால் கால் புண்ணாகி, அப்புண் சீழ்பிடித்து, நஞ்சு இரத்தத்தில் கலந்து ஒருவர் இறக்கிறார். சான்றிதழில் முதலில் உடனடிக் காரணத்தையும், அதன்கீழ் அதற்கு முந்தியதையும், அடியில் மூலகாரணமாகிய நீரிழிவையும் எழுதவேண்டும். அவசரத்தில் 'இதயம் நின்றது' என்று ஒரே வரி எழுதப்படுகிறது. இதயம் நில்லாமல் இறந்தவர் எவர்? அவ்வொரு வரியால் நீரிழிவு கணக்கிலிருந்தே மறைகிறது.

இரு கணக்குகளையும் அருகருகே வைத்து அவசர முடிவு காண்பதும் ஆபத்தே. 2019இல் கேரளச் சாலைகளில் 4,440 பேர் மாண்டனர். 2020இல் 2,979 பேர். மாநிலத்தின் சொந்த வரி வருமானமும் 2019–20இல் சுமார் 50,300 கோடி ரூபாயாக இருந்து, மறு நிதியாண்டில் சுமார் 47,600 கோடியாகக் குறைந்தது. இவ்விரண்டையும் கொண்டு, வரி குறைந்தால் விபத்தும் குறையுமென்று ஒருவர் வாதிக்கக்கூடும். இரண்டையும் குறைத்தது கொரோனாக் கால ஊரடங்கு. வகுப்பில் புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023இல் செய்யப்பட்ட திருத்தம், அவ்வாண்டு அக்டோபர் முதல் எல்லா மருத்துவ நிலையங்களும் காரணச் சான்று வழங்கவேண்டுமென விதித்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் மருத்துவர் எவரும் பார்க்காமல் வீட்டில் இறக்கும் முதியோரை அது எட்டாது. அங்கே குடும்பத்தாரை முறைப்படி வினவிக் காரணத்தை உய்த்தறியும் வாய்மொழி விசாரணையே வழி. திருவனந்தபுர மாவட்டத்துக் கிராமங்களில் 1,61,942 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, இதய, இரத்தநாள நோய்களின் பளுவை வெளிப்படுத்தியது. ஓர் ஆய்வுக் குழுவால் இயன்றதை அரசாங்கத்தால் இயலாதென்று கூறுவதற்கில்லை.

இறப்புப் பதிவுப் படிவத்தில், இறந்தவர் புகைத்தாரா, புகையிலை மென்றாரா, பாக்கு மென்றாரா, மது அருந்தினாரா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்கும் கட்டங்கள் உள்ளன. இரு கணக்குகளும் சந்திக்கும் இடம் அதுவே. துக்க வீட்டில் இக்கேள்வியைக் கேட்பது கடினம். கேளாமல் 'இல்லை' என்று நிரப்பிவிடுவது எளிது. ஈமச் சடங்குகள் முடிந்தபின் ஒருநாள் மீண்டும் சென்று, குடும்பத்தில் நிதானமானவர் ஒருவரைத் தனியே அழைத்துக் கேட்கலாம். பதிவுக்கு 21 நாள் அவகாசம் இருக்கிறது.