தராசில் ஏறிய பழமை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைச் சாசனங்களைத் தரிசித்துத் திரும்புகையில், கடைத்தெருவில் ஒரு பழம்பாத்திரக் கடை நம் கண்ணில் பட்டது. பாவை விளக்கு, வெற்றிலைச் செல்லம், படி, நாழி எல்லாம் குவியலாய்க் கிடந்தன. விலை கேட்டோம், கடைக்காரர் தராசைக் காட்டினார்! பித்தளைக்குத்தான் விலையாம், பழமைக்கு இல்லையாம்.

சபைக்கு ஆள் தேர்ந்த ஓலைகளும் போயின, அவற்றை இட்ட குடமும் போயிற்று. கோயிற் சுவரைத் தராசில் ஏற்ற இயலாததால் எழுத்து மட்டும் பிழைத்தது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் கடல் கடத்தலாகாதென 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளூரில் உருக்குகிறவனைத் தடுப்பார் யார்?

ஒரு படியை எடைக்கு வாங்கி வந்தோம். புளியிட்டுத் துலக்கியபோது விளிம்பில் யாரோ ஓர் அம்மாளின் பெயர் தெரிந்தது.