புத்தகப்பைக்குள் கிடந்த கடிதம்



இந்த முறை எங்கள் வீட்டில் நடந்த ஒரு பிழையைச் சொல்லப் போகிறோம். சொல்ல வெட்கம்தான். என்றாலும் இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

எங்கள் மகன் ஸ்காபரோவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். போன வருசம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகனின் வாசிப்பைப் பரிசோதிக்க எங்கள் சம்மதம் கேட்டிருந்தார்கள். அதில் 'சைக்கோலஜிஸ்ட்' என்ற சொல்லைக் கண்டதும் எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. பிள்ளைக்கு விசர் என்று எழுதப் போகிறார்களோ, நாளைக்குச் சனம் என்ன கதைக்கும் என்று பயந்தோம். கையெழுத்துப் போடவில்லை. இரண்டாம் கடிதம் புத்தகப்பைக்குள்ளேயே கிடந்து கசங்கிப் போனது.

இந்த வருசம் அவன் காலையில் வயிற்றுக்குத்து என்று படுக்கத் தொடங்கினான். நாங்கள் இருவரும் தொழிற்சாலையில் வெவ்வேறு சிப்ட். பஞ்சியில் நடிக்கிறான் என்று ஏசினோம். நவம்பரில் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது ஈ.எஸ்.எல் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: "தமிழில் நன்றாக வாசிப்பானா?" அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தமிழையும் அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். கதை சொல்லச் சொன்னால் மழை மாதிரிச் சொல்லுவான். பிரச்சினை ஆங்கிலம் மட்டும் இல்லை.

பரிசோதனை செய்பவர் ஒருவரே பல பள்ளிக்கூடங்களைப் பார்க்கிறாராம். நாங்கள் கையெழுத்துப் போடாததால் அவனுடைய முறை வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. ஒரு வருசம் வீணாகிவிட்டது. அந்த ஆசிரியையும் கிழமையில் பாதி நாள் வேறு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். வழிகாட்டல் ஆசிரியர் வருவது ஒரு நாள் மட்டும். சின்ன வகுப்பில் ஒரே ஆசிரியை நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக் கொண்டிருப்பார். நடுநிலையில் பாடத்துக்கு ஒருவர் மாறி மாறி வருவதால், பேசாமல் இருக்கிற பிள்ளை யாருடைய கண்ணிலும் படாமல் போய்விடும்.

இதற்குப் பிறகு நாங்கள் விசாரித்து அறிந்தவை இவை. வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

ஒன்று. ஒன்ராறியோவில் முதலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 23 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நாலிலிருந்து எட்டு வரை மாகாண விதியில் அப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் எல்லை இல்லை. கல்விச்சபை முழுவதற்கும் சராசரி 24.5 என்றுதான் கணக்கு. ஆகவே ஒரு வகுப்பில் 30 பேர் இருப்பதும் நடக்கும்.

இரண்டு. சபைக்கு வரும் பணம் பிள்ளைகளின் தலைக்கணக்கைப் பொறுத்தது. ஒக்டோபர் 31, மார்ச் 31 என இரண்டு நாள் எண்ணுவார்கள். ஈ.எஸ்.எல் பணத்துக்கு அண்மையில் கனடா வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் பார்க்கப்படும். எனவே புதிதாக வந்த பிள்ளையை "குளிர் முடியட்டும்" என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே பதியுங்கள். வந்த திகதி உள்ள கடதாசியையும் காட்டுங்கள்.

மூன்று. விசேட கல்வி உதவி ஒரு தயவு அல்ல. 1980ஆம் ஆண்டிலிருந்து ஒன்ராறியோவில் அது சட்டம். பிள்ளையின் தேவையைத் தீர்மானிக்கும் குழுவுக்கு ஐ.பி.ஆர்.சி என்று பெயர். தாயோ தகப்பனோ எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. 15 நாட்களுக்குள் கூட்டம் ஏறக்குறைய எப்போது நடக்கும் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். கூட்டத்துக்கு நீங்கள் போகலாம், உங்களுக்காகப் பேச ஒருவரையும் கூட்டிக் கொண்டு போகலாம். வாயால் கேட்டால் போதாது, எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஆங்கிலம் தெரியாதது மட்டும் ஒரு குறைபாடு அல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

நாலு. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் ஆலோசனைச் சபை உண்டு. வருசத்தில் குறைந்தது நாலு முறை கூட வேண்டும். யாரும் போய் இருக்கலாம்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு நாங்கள் ஒரு நாள் ஓவர்டைமை விட்டுவிட்டுப் போனோம். எங்கள் பகுதியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள்! கூட்டத்தில் இருந்த தமிழர் நாங்கள் இருவர்தான். அடுத்த வருசமும் ஈ.எஸ்.எல் ஆசிரியை அரைநேரம்தானா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. அதிபர் எழுதிக் கொண்டார். இருவர் கேட்டால் எழுதுவார்கள். இருபது பேர் கேட்டால் மேலிடத்துக்குச் சொல்ல அவர்களுக்கும் ஒரு பலம்.

ஊரில் ஓ.எல்லுடன் படிப்பை விட்டவர்கள் நாங்கள். தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் பிள்ளை குழப்படி என்றுதான் அங்கே அர்த்தம். ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதையீனம் என்று வளர்ந்தோம். இங்கே கேட்காமல் விட்டால், பிள்ளையில் அக்கறை இல்லாத பெற்றோர் என்று நினைத்துவிடுவார்கள்.

சம்மதக் கடிதத்தில் இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டோம். வரிசையில் நிற்கிறோம். அன்றிரவு மகன் கேட்டான்: "அப்பா, எனக்கு என்ன வருத்தம்?" ஒரு வருத்தமும் இல்லை, கடிதத்தை ஒழுங்காக வாசிக்காதது நாங்கள்தான் என்றோம். கன நாளைக்குப் பிறகு சிரித்தான்.

இன்றிரவு பிள்ளையின் புத்தகப்பையை ஒருக்கால் திறந்து பாருங்கள். விளங்காத கடிதம் இருந்தால் ஒளிக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டு போய்க் கேளுங்கள்.

அடுத்த முறை சந்திப்போம்.